சின்ன வாய்க்குள் 42 பல்

"தெருவில திரியிற நாய்களுக்கு ஆர் பல்லுத் தீட்டி விடுறது? அதுகளின்ர பல்லெல்லாம் கொட்டியே போச்சு?"

வீட்டு நாய்க்குப் பல் தீட்டுகிறேன் என்று திருகோணமலையில் யாரிடம் சொன்னாலும் முதலில் வருவது இந்தக் கேள்விதான். அப்பா கேட்டார். பக்கத்து வீட்டு அன்ரி கேட்டார். மீன் கொண்டுவரும் ஐயா சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றிக்கொண்டு கேட்டார். அம்மம்மா மட்டும் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. "பிரஷ் வந்திட்டுது, பவுடர் எப்ப வருது?" என்றதோடு சரி.

கேலியை விடுவோம். கேள்வி நியாயமானது. தெருநாயின் உதட்டை யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை, அதனால் அதன் பல் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். கடற்கரைப் பக்கம் படுத்திருக்கும் நடுவயது நாய் ஒன்று கொட்டாவி விடும்போது கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கடைவாயில் மண்ணிறத்தில் காவி கட்டியிருக்கும். பல் ஆடி விழும் வயது வரும் முன்பே தெருநாய்களில் பலதை வீதி வாகனங்கள் கொண்டுபோய்விடுகின்றன. வீட்டுக்குள் வளரும் பொமரேனியன் பன்னிரண்டு, பதினான்கு வருடம் இருக்கும். அத்தனை வருடமும் அதே பல்லோடுதான் சாப்பிட்டாக வேண்டும்.

இதைவிடப் பெரிய காரணம் தாடை. வளர்ந்த நாய் எந்தச் சாதியாக இருந்தாலும் அதற்கு 42 பல். முப்பது கிலோ அல்சேசனுக்கும் 42, மடியில் சுருண்டு படுக்கும் மூன்று கிலோ நாய்க்கும் 42. மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தெரிவுசெய்து நாயைச் சின்னதாக்கினார்கள். தாடை சுருங்கிய அளவுக்குப் பல் சுருங்கவில்லை. ஆகவே சின்ன நாயின் வாய்க்குள் பற்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, சில திரும்பி, சில சாய்ந்து நிற்கும். ஷிட்சூ மாதிரி சப்பை மூக்கு நாய்களில் இன்னும் மோசம்; கடைவாய்ப் பல் குறுக்காகவே திரும்பி நிற்கும். அந்த இடுக்குகளில் சோறும் முடியும் போய்ச் சேர்ந்தால் தானாக வெளியே வராது.

தாடை எலும்பும் மெல்லியது. கீழ்த் தாடையின் பெரிய கடைவாய்ப் பல்லின் வேர், சின்ன நாய்களில் எலும்பின் அடி விளிம்புவரை கிட்டத்தட்ட இறங்கியிருக்கும். அந்த வேரைச் சுற்றிய எலும்பை நோய் தின்றுவிட்டால் மிஞ்சுவது ஓடு மாதிரி ஒரு கரை மட்டும்தான். கதிரையில் இருந்து குதித்ததற்குத் தாடை உடைந்த சின்ன நாய்கள் உண்டு. அல்சேசனுக்கு இந்தப் பயம் குறைவு. சின்ன நாய் வைத்திருப்பவர்தான் பல் விஷயத்தில் அதிகம் மினக்கெட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

எங்கள் வீட்டில் இருப்பவள் பெயர் சூட்டி. பொமரேனியன் பாதி, மீதி என்னவென்று அவளுக்கே தெரியாது. மூன்றரைக் கிலோ. உட்துறைமுக வீதியில் பின்னேரம் நடக்கக் கூட்டிப்போனால் மான்களைக் கண்டு குரைத்துக் குரைத்துத் தொண்டை கட்டிவிடும். மான்கள் தலையைக்கூடத் திருப்புவதில்லை. சரி, பல்லுக்கு வருவோம்.

சாப்பிட்ட சில மணித்தியாலத்திலேயே பல்லில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் பிடிக்கத் தொடங்கும். கிருமிகளும் உமிழ்நீரும் சேர்ந்த வழுவழுப்பு அது. கிணற்றுக் கட்டில் பிடிக்கும் பாசி ஈரமாக இருக்கும்போது கையால் தேய்த்தாலே போய்விடும், காய்ந்து இறுகினால் சுரண்ட வேண்டும் அல்லவா, இதுவும் அப்படித்தான். இரண்டு மூன்று நாளில் உமிழ்நீரில் இருக்கும் தாதுக்கள் அதில் படிந்து கல்லாகத் தொடங்கிவிடும். நாயின் உமிழ்நீர் நம்முடையதைவிடக் காரத்தன்மை கூடியது. அதனால் நாய்க்குப் பல் சொத்தை அவ்வளவாக வராது, காவி மட்டும் வேகமாகக் கட்டும். நமக்கு நேர்மாறு. பல் சொத்தை இல்லையே என்று சந்தோசப்படுபவர்கள் முரசை, அதாவது பல் ஈறை, பார்க்க மறந்துபோகிறார்கள்.

கல் எங்கே முதலில் கட்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. மேல் தாடையில், கண்ணுக்குக் கீழே வருகிற மாதிரி, இறைச்சியை வெட்டுவதற்கான ஒரு பெரிய பல் இருக்கிறது. மூன்று வேர் உள்ள பல். அதற்கு நேரே கன்னத்தின் உட்புறத்தில் உமிழ்நீர்க் குழாய் ஒன்று திறக்கிறது. ஆகவே காவி அந்தப் பல்லின் வெளிப்பக்கத்தில்தான் முதலில் ஏறும். உங்கள் நாயின் உதட்டை இப்போதே அந்த இடத்தில் தூக்கிப் பாருங்கள். முன்பல் பளிச்சென்று இருப்பதைப் பார்த்து ஏமாறக்கூடாது; முன்பல்லை எல்லாரும் பார்க்கிறோம், நோய் இருப்பது பின்னால்.

பல்லின் மேலே தெரியும் காவியைவிட, முரசுக்குக் கீழே ஒளிந்திருப்பதுதான் ஆபத்து. முரசின் ஓரம் மெல்லிய சிவப்புக் கோடாகத் தடித்தால் அது தொடக்கம். அந்த நிலையில் ஒழுங்காகத் தீட்டினால் முரசு பழையபடி ஆகிவிடும். அதைத் தாண்டி, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரையத் தொடங்கினால் திரும்பி வராது. அதன் பிறகு செய்யக்கூடியது மேலும் கரையாமல் தடுப்பதுதான். எங்கள் டொக்டர் சொல்வார்: மூன்று வயது கடந்த சின்ன நாய்களில் முரசு நோயின் தொடக்கம்கூட இல்லாத வாயைப் பார்ப்பது அரிது என்று. இன்னொன்று, முரசில் கறுப்புத் திட்டு இருந்தால் பயப்பட வேண்டாம், சில நாய்களுக்கு அது பிறவி நிறம். சிவப்பும் வீக்கமும் இரத்தமும்தான் கவனிக்க வேண்டியவை.

"நாயின்ர வாய் எண்டால் மணக்கத்தானே செய்யும்" என்று ஒரு வார்த்தை ஊரில் உண்டு. இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சாப்பிட்டவுடன் மீன் மணம் வரலாம், அது வேறு. காலையில் எழும்பி வந்து முகத்தை நக்கும்போது அழுகல் மணம் அடித்தால் அது நோய்.

இன்னொரு அறிகுறியை நம் ஆட்கள் அடிக்கடி தவறவிடுகிறார்கள். கண்ணுக்குக் கீழே திடீரென்று ஒரு வீக்கம் வரும். பூச்சி கடித்துவிட்டது என்று மஞ்சள் அரைத்துப் பூசுவார்கள். இரண்டு நாளில் உடைந்து சீழ் வரும், பிறகு வற்றும், கொஞ்ச நாளில் திரும்ப வீங்கும். நான் மேலே சொன்ன அந்த மூன்று வேர்ப் பல்லின் அடியில் சீழ் கட்டினால் அது வெளியே வரும் வழி பெரும்பாலும் அங்கேதான். மஞ்சளுக்கு அங்கே வேலை இல்லை. டக்ஸ்ஹண்ட் மாதிரி நீள மூக்கு நாய்களில் மேல் வேட்டைப்பல்லின் வேருக்கும் மூக்குக்கும் இடையிலுள்ள மெல்லிய எலும்பு கரைந்து துளை விழும். சாப்பிடும்போதெல்லாம் தும்மல், ஒரு மூக்கில் மட்டும் சளி. தடிமன் என்று நினைத்துக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்துக்கொண்டிருப்போம்.

சாப்பாட்டை வைத்து முடிவு செய்யவும் முடியாது. பல் எவ்வளவு வலித்தாலும் நாய் சாப்பிடும். ஒரு பக்கத்தால் மட்டும் மெல்லும், மெல்லாமல் விழுங்கும், வாயிலிருந்து விழுத்திவிட்டுத் திரும்ப எடுக்கும். அவ்வளவுதான் காட்டும்.

குட்டியாக வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. குட்டிக்கு 28 பால்பல். ஆறு, ஏழு மாதத்துக்குள் அவை விழுந்து மற்றவை முளைத்துவிட வேண்டும். சின்னச் சாதிகளில் பால்பல் விழாமல் நின்றுவிடுவது சாதாரணம், அதிலும் வேட்டைப்பல். மேலே புதுப்பல் பழையதற்கு முன்னால் முளைக்கும், கீழே உட்பக்கமாக முளைக்கும். ஒரு இடத்தில் இரண்டு வேட்டைப்பல் சோடியாக நின்றால் அழகென்று படம் எடுக்கக்கூடாது. இடையில் ஊத்தை அடைந்து இரண்டும் கெட்டுப்போகும், கீழ்ப்பல் அண்ணத்தில் குத்தவும் கூடும். இடுக்கியால் நாமே பிடுங்கவும் கூடாது. பால்பல்லின் வேர் நீளம், பாதியில் முறிந்து உள்ளே தங்கிவிடும். கருத்தடைக்கு மயக்கம் கொடுக்கும்போது அதையும் சேர்த்து எடுத்துவிடச் சொல்லிக் கேட்கலாம்.

இனி வேலைக்குத் தேவையான சாமான்கள். பிரஷ் என்று பெரிதாகத் தேட வேண்டாம். பாமசியில் கிடைக்கும் குழந்தைப் பிரஷில் ஆக மென்மையானது, தலை ஆகச் சின்னது. விரலில் மாட்டும் இறப்பர் பிரஷ் விற்கிறார்கள். நடுத்தர நாய்க்குச் சரி, சூட்டியின் கன்னத்துக்குள் என் விரலே பெரிய சாமான், அதில் இறப்பர் உறையும் என்றால் இடமே இல்லை. தொடக்கத்தில் சுட்டுவிரலில் கோஸ் துணியைச் சுற்றித் தேய்ப்பது இதைவிட நல்லது.

பற்பசையில்தான் கவனம் வேண்டும். நம்முடைய பற்பசை நாய்க்கு ஆகாது. நாய்க்குக் கொப்பளித்துத் துப்பத் தெரியாது, எல்லாம் வயிற்றுக்குள் போகும். புளோரைட்டும் நுரை வரவைக்கும் இரசாயனமும் வயிற்றைக் குழப்பும். அதைவிட மோசமானது சைலிட்டோல் என்ற இனிப்பு. சீனி இல்லாத சுவிங்கத்திலும் சில பற்பசைகளிலும் வாய் கொப்பளிக்கும் மருந்துகளிலும் அது இருக்கிறது. நமக்கு ஒன்றும் செய்யாது, நாய்க்கு நஞ்சு. ஒரு கிலோ உடல் எடைக்கு ஏறத்தாழ 0.1 கிராம் போனாலே இரத்தத்தில் சர்க்கரை சரிந்து நாய் தள்ளாடத் தொடங்கும், அளவு கூடினால் ஈரல் பழுதாகும். மூன்று கிலோ நாய்க்கு அது எவ்வளவு சின்ன அளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். மேசையில் கிடக்கும் சுவிங்கப் பெட்டியையும் இதோடு சேர்த்து எடுத்து வையுங்கள்.

நாய்க்கென்றே செய்த பற்பசை கோழிச் சுவையில் வருகிறது. சிலவற்றில் படலத்தைக் கட்டுப்படுத்தும் நொதியங்கள் சேர்த்திருக்கும். கொழும்புக்குப் போய்வரும் யாரிடமாவது சொல்லிவிட்டால் கொண்டுவருவார்கள். கிடைக்காத நாட்களுக்கு எங்கள் வீட்டு வழி ஒன்று உண்டு. சூடை மீனை உப்பில்லாமல், வேறு ஒன்றும் போடாமல் அவித்து, அந்தத் தண்ணீரை ஆறவிட்டு ஒரு சின்னப் போத்தலில் ஃபிரிட்ஜில் வைப்பது. பிரஷை அதில் நனைத்தால் போதும். சொதியிலோ குழம்பிலோ நனைக்கக்கூடாது, வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தத்தைப் பழுதாக்கும். மீன் தண்ணீர் பல்லைச் சுத்தம் செய்வதில்லை, நாயின் வாயைத் திறக்கவைக்கிறது. சுத்தம் செய்வது பிரஷின் உராய்வுதான். பற்பசை இல்லை என்பதற்காகத் தீட்டாமல் இருக்கத் தேவையில்லை.

கராம்பு எண்ணெய், உப்பு, அப்பச்சோடா, உமிக்கரி, தேசிக்காய் எதுவும் வேண்டாம். சிலது வாயை எரிக்கும், சிலது எனாமலைத் தேய்க்கும். ஒருநாள் எரிந்தால் மறுநாள் நாய் கட்டிலுக்கு அடியில். தேங்காய் எண்ணெய் பூசினால் எல்லாம் போகும் என்று சொல்பவர்கள் நிறைய. எங்கள் ஊரில் தேங்காய் எண்ணெய் போகாத இடம் இல்லை என்பது தெரிந்ததுதானே. பிரஷில் ஒரு சொட்டு விடுவதால் ஒன்றும் கெட்டுவிடாது, ஆனால் அதற்குக் காவியைக் கரைக்கும் வல்லமை கிடையாது. கரண்டி கரண்டியாகக் கொடுத்தால் வயிற்றால் போகும்.

தீட்டும் விதம் இதுதான். பின்னேரம் நடந்துவிட்டு வந்து, இராச் சாப்பாட்டுக்கு முன். சாப்பாடு பின்னால் வருகிறது என்று நாய்க்குத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பின்னேரம்கூட அனலாக இருக்கும், சூட்டி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருப்பாள். அந்த நேரம் தொடாமல், தண்ணீர் குடித்து ஆறும்வரை பொறுப்பேன். பிறகு விறாந்தைப் படியில் இருந்து, அவளை மடியில், முகம் எனக்கு எதிர்ப்புறம் பார்க்கும்படி வைப்பேன். நேருக்கு நேர் குனிந்தால் சின்ன நாய் மிரளும்.

வாயைத் திறக்க வேண்டாம். எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது. வாயைப் பிளந்தால் எந்த நாயும் போராடும். வாய் மூடியபடியே இருக்க, இடது கைப் பெருவிரலால் உதட்டின் ஓரத்தை மேலே தூக்க வேண்டும். கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையில் ஒரு பை மாதிரி இடம் இருக்கும். பிரஷை அதற்குள் வழுக்கி விட்டு, தும்புகள் பாதி பல்லிலும் பாதி முரசின் ஓரத்திலும் படும்படி 45 பாகை சாய்த்துப் பிடித்து, சின்னச் சின்ன வட்டமாகச் சுற்ற வேண்டும். மேல் கடைவாயில் தொடங்குங்கள், நாய் பொறுமை இழந்தாலும் முக்கியமான இடம் முடிந்திருக்கும். அங்கிருந்து வேட்டைப்பல், பிறகு முன்பல். கீழ்ப் பற்களின் வெளிப்பக்கத்தை மேல்பற்கள் கொஞ்சம் மறைக்கும். விரலால் தாடையை ஒரு கடுகளவு இறக்கினால் போதும். உட்பக்கத்துக்கு நான் போவதில்லை. நாக்கு அதை ஓரளவு பார்த்துக்கொள்ளும். எல்லாமாக ஒன்றரை நிமிடத்தில் வேலை சரி.

தொடக்கத்தில் பிரஷில் இளஞ்சிவப்பாக இரத்தம் தெரியலாம். வீங்கிய முரசு அது. மென்மையாகத் தொடர்ந்தால் ஒரு கிழமை, இரண்டு கிழமையில் நிற்கும். நிற்காவிட்டால் டொக்டரிடம்.

இதெல்லாம் முதல் நாளே நடக்காது. முதலில் உதட்டைத் தொட்டுவிட்டு ஒரு துண்டு அவித்த மீன். அடுத்து உதட்டைத் தூக்கிவிட்டு ஒரு துண்டு. பிறகு விரலால் பல்லைத் தடவுவது, பிறகு கோஸ், பிறகுதான் பிரஷ். உறுமினால் அன்றைக்கு அத்தோடு விடுங்கள், பிடித்து அமத்தி முடிக்காதீர்கள். அன்றைக்கு நாம் வெல்வோம், அடுத்த நாள் முதல் பிரஷைக் கண்டாலே ஓட்டம். சின்னப் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுக்கவும் வேண்டாம். மூன்று கிலோ நாயின் பல்லும் பல்தான்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? தினமும். படலம் இறுக இரண்டு மூன்று நாள்தான் எடுக்கும் என்பதால், ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது தாங்கக்கூடிய எல்லை. ஞாயிறு தோறும் தலை முழுக வார்க்கும்போது பல்லையும் சேர்த்து ஒரு தேய் தேய்த்துவிடுகிறேன் என்பவர்களுக்கு நான் ஒன்றும் சொல்வதில்லை. பலனும் இல்லை, பாதகமும் இல்லை.

கடிக்கக் கொடுக்கும் பொருட்கள் பற்றிக் கொஞ்சம். எலும்பு கடித்தால் பல் சுத்தமாகும் என்ற நம்பிக்கை ஆழமாக இருக்கிறது. கொஞ்சம் காவி உரியலாம், உண்மை. ஆனால் மாட்டெலும்பும் மான் கொம்பும் அந்தப் பெரிய மேல்பல்லைத் தகடு தகடாகப் பெயர்த்துவிடும். அவித்த கோழி எலும்பு ஊசியாக உடைந்து குடலில் குத்தும். பெருவிரல் நகத்தால் அழுத்தினால் பதியாத எதையும் கடிக்கக் கொடுக்காதீர்கள், நல்ல அளவுகோல் இது. உலர் தீவனம் பல்லைச் சுத்தமாக்கும் என்பதும் பெரிதாக நம்பத்தக்கதல்ல. சாதாரணக் குறுணி பல் நுனி பட்டதுமே நொறுங்கிவிடும், முரசு ஓரத்தைத் தொடுவதே இல்லை. பல்லுக்கென்று விற்கும் மெல்லும் துண்டுகளில் சோதித்துப் பார்த்தவை உண்டு. அமெரிக்காவில் 1997 இல் தொடங்கிய மிருகப் பல் சுகாதாரச் சபை ஒன்று அவற்றுக்கு முத்திரை கொடுக்கிறது. முத்திரை இருந்தால் வாங்கலாம், நாயின் எடைக்குரிய அளவில். பிரஷுக்குத் துணையாகத்தான், மாற்றாக அல்ல.

ஏற்கனவே கல்லாகிப்போன காவியை என்ன செய்வது? நகத்தால், ஐந்து ரூபாய்க் குற்றியால், இணையத்தில் வாங்கிய கொக்கியால் சுரண்டி எடுக்கும் வீடியோக்கள் நிறையச் சுற்றுகின்றன. டக் என்று ஒரு சில்லு பெயர்ந்து வரும்போது மனதுக்கு நிறைவாகத்தான் இருக்கும். ஆனால் சுரண்டிய பல்லின் மேற்பரப்பு கரடுமுரடாகி, அடுத்த காவி இன்னும் வேகமாகப் பிடிக்கும். முரசுக்குக் கீழே இருப்பது அப்படியே இருக்கும். மயக்கம் கொடுக்காமல் சுத்தம் செய்து தருகிறோம் என்பதும் இதே கதை. வெள்ளையாகத் தெரியும் பல்லுக்குக் கீழே நோய் நடந்துகொண்டே இருக்கும்.

முறையான சுத்தம் என்பது மயக்கம் கொடுத்து, ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் முரசின் ஆழம் அளந்து, அதிர்வுக் கருவியால் மேலும் கீழும் கல்லை எடுத்து, கடைசியில் பல்லை மினுக்கிவிடுவது. வேரைப் பார்க்க எக்ஸ்ரேயும் வேண்டும். எங்கள் பக்கத்தில் அரச மிருக வைத்தியர்களுக்கு மாடும் ஆடும் கோழியுமே நாள் முழுக்கப் போதும். நாயின் பல்லுக்கு அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தனியார் சிகிச்சை நிலையங்களில் கேட்டுப் பார்க்கலாம். பெரிய இடம் என்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடம். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி என்று ஏறத்தாழ 180 கிலோமீற்றர், மடியில் வாந்தி எடுக்கும் நாயோடு. அந்தத் தூரத்தை நினைத்தால் ஒன்றரை நிமிடம் பெரிதாகத் தெரியாது.

வயதான நாய், வாய் மணக்கிறது, பல் ஆடுகிறது என்றால் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு இன்றைக்கே பிரஷை எடுக்காதீர்கள். வலிக்கும் வாயில் தீட்டினால் நாய்க்குச் சித்திரவதை, பிறகு வாழ்நாள் முழுக்க உங்களைக் கிட்ட விடாது. முதலில் டொக்டர் பார்த்து, எடுக்க வேண்டிய பல்லை எடுத்து, புண் ஆறி அவர் சரி என்று சொன்ன பிறகு தொடங்கலாம். பல் எடுத்தால் எப்படிச் சாப்பிடும் என்று அன்ரி தன் ஷிட்சூவுக்காக அழுதார். ஏழு பல் எடுத்தார்கள். இப்போது குழைத்த சோற்றில் மீனைப் பிசைந்து வைத்தால் முன்பைவிட வேகமாகத் தட்டை நக்குகிறது. மிச்சமிருக்கும் பற்களுக்கு அன்ரி கோஸ் சுற்றித் தேய்க்கிறார். கேட்டைப் பூட்டிவிட்டு, ஆட்கள் பார்க்காத நேரமாகப் பார்த்து.

இரண்டு நாய் இருக்கும் வீட்டில் ஆளுக்கொரு பிரஷ் வையுங்கள். மாறாமல் இருக்கப் பிடியில் நெயில் பொலிஷால் புள்ளி வைக்கலாம். தும்பு விரிந்ததும், எப்படியும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மாற்றிவிடுங்கள். வீட்டு ஆட்களின் பிரஷ் நிற்கும் அதே கோப்பையில் மட்டும் அதை வைக்காதீர்கள். அப்பாவுக்குக் கண்ணாடி இல்லாமல் கிட்டப்பார்வை தெரியாது.